அலுவலகக் குரல் அஞ்சலுக்கு ஆஸ்டரிஸ்க்: வடிவமைத்தவரின் மதிப்பீடு

மார்க் ஸ்பென்சர் 1999இல் உருவாக்கிய ஆஸ்டரிஸ்க் என்னும் திறமூலத் தொலைபேசி மென்பொருளுடன் சேர்ந்தே வரும், எடுக்காத அழைப்புகளின் செய்திகளைப் பதிந்துவைக்கும் குரல் அஞ்சல் பகுதிக்குக் 'காமெடியன் மெயில்' என்று பெயர். பெயர்தான் வேடிக்கை, 60 எக்ஸ்டென்ஷன் (உள் தொலைபேசி எண்) கொண்ட ஓர் அலுவலகத்திற்கு நான் வரைந்த உயர்நிலை வடிவமைப்பின் நடுவில் அதைத்தான் வைத்தேன்.

பதிவான செய்தி எங்கே தங்கும் என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது. வட்டில் கோப்பாகவோ, ஓடிபிசி என்னும் இணைப்பு முறை வழியே தரவுத்தளத்திலோ, ஐமேப் (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) மின்னஞ்சல் சர்வரிலோ வைக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். நான் எளிமை கருதிக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, நகல் மின்னஞ்சலிலும் போகட்டும் என்று விட்டேன். அது என் பிழை. மின்னஞ்சலில் கேட்டு முடித்த பிறகும் புதிய செய்தி உண்டு என்று காட்டும் மேசைத் தொலைபேசியின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஏனெனில் குரல் அஞ்சல் பெட்டியில் இருப்பது வேறொரு பிரதி. அனுப்பியதும் பெட்டியிலிருந்து அழித்துவிடும் வசதி உண்டு என்றாலும், அந்த மின்னஞ்சல் போய்ச் சேராவிட்டால் செய்தியே இல்லாமற் போகும். ஐமேப்பில் இருப்பது ஒரே பிரதி; ஆஸ்டரிஸ்க் பெட்டியை அவ்வப்போது பார்த்துவரும்படி அமைத்துவிட்டால் விளக்கும் அணைந்துவிடும்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு நிமிடப் பேச்சு, சுருக்கப்படாத வேவ் ஒலிக்கோப்பாக ஏறத்தாழ 960 கிலோபைட், சுருக்கப்பட்ட ஜிஎஸ்எம் வடிவில் 100 கிலோபைட்டுக்கும் குறைவு. கடவுச்சொற்கள் இயல்பாகவே வெறும் எழுத்தாக அமைப்புக் கோப்பில் கிடப்பதுதான் உறுத்துகிறது. அக்கோப்பைத் திறக்கும் உரிமையை மிகச் சிலரோடு நிறுத்துவது அவசியம்.

தமிழ் அறிவிப்புகளை நாமே பதிவுசெய்ய வேண்டியிருந்தது. மென்பொருள் துண்டு துண்டாக ஒலிகளைக் கோத்துப் பேசுவதால், 'உங்களுக்கு', 'மூன்று', 'புதிய', 'செய்திகள் உள்ளன' என்று வெட்டிவைத்தால் வாக்கியம் அழகாகவே அமைகிறது. பெட்டி காலியாக இருக்கும்போதுதான் வினை: மறுப்புச் சொல்லை நடுவில் வைத்து, அதே கடைசித் துண்டை ஒலிக்கச் செய்வதால், 'உங்களுக்கு இல்லை செய்திகள் உள்ளன' என்கிறது. சில மொழிகளுக்கு மூலநிரலிலேயே தனிச் செயற்கூறு உண்டு, தமிழுக்கு இல்லை; அதை எழுதிச் சேர்க்க ஆளில்லாத அலுவலகம் ஆங்கில அறிவிப்பையே வைத்துக்கொள்ளலாம்.