கூலாகவா, கூலானவரா?

"விடுதிக் கட்டண உயர்வு: முதல்வர் கூல்."

கல்லூரி இதழுக்கு இப்படி ஒரு தலைப்பு வந்தால் அதைத் திருத்துகிறவருக்கு வேர்த்துவிடும். முதல்வர் பதறாமல் பதில் சொன்னாரா? மாணவர்கள் கத்தியும் காதில் வாங்காமல் போனாரா? உயர்வுக்குச் சம்மதமா? இல்லை, ஆள் ஸ்டைலானவர் என்கிறார்களா? தலைப்பில் இடம் மிச்சம் பிடிக்க விகுதியை வெட்டியதில் வந்த வினை இது.

தமிழில் விகுதி பாதி வேலையைச் செய்துவிடுகிறது. 'கூலாக' என்றால் நிதானம். 'கூலான' என்றால் பெரும்பாலும் ஸ்டைல். ஆனால் 'கூலாக' மட்டும் இரட்டை வேடம் போடும். 'கூலாகப் பதில் சொன்னார்' பாராட்டு, 'கூலாகப் பொய் சொன்னார்' குற்றச்சாட்டு. நிருபர் தன் கருத்தைச் செய்திக்குள் நைசாக நுழைக்க இதைவிடத் தோதான சொல் கிடைக்காது. அதனால் செய்தியில் நான் இதை விடமாட்டேன். 'குரலை உயர்த்தாமல், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் சொன்னார்' என்று எழுதினால் போதும், மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொள்வார்.

ஸ்டைல் என்ற பொருள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தது. அதைப் பரப்பியவர் என்று சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கைப் பலரும் சொல்வார்கள். கூடவே புழங்கிய எத்தனையோ கொச்சைச் சொற்கள் கிழடுதட்டிப் போக, இது மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறது. பேட்டிக் கட்டுரைக்குப் பொருந்தும். ஆனால் ஒருவரைக் கூலானவர் என்று இதழே அறிவித்தால், அன்றைக்கே அவர் கேலிப்பொருள்.

சம்மதப் பொருள் மேற்கோள் குறிக்குள் மட்டும் இருக்கட்டும். ஆங்கிலத்திலேயே அது வழுக்கும் இடம். 'கூல் வித்' என்றால் ஆட்சேபம் இல்லை, 'கூல் டு' என்றால் ஆர்வம் இல்லை. ஒரு சின்னச் சொல் மாறினால் செய்தியே தலைகீழ்.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது பெரிய குழி இந்த 'ஆர்வம் இல்லை'தான். 'கூல் ரிசப்ஷன்' என்பதைக் 'குளிர்ந்த வரவேற்பு' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு அது நல்ல வரவேற்பு. நமக்குக் குளிர்ச்சி என்றால் மகிழ்ச்சி: கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர வாழ்த்துகிறோம். சூடுதான் கோபம், சூடான பதில் என்றால் சண்டை. 'பட்டும் படாமலும் பேசினார்', 'பிடிகொடுக்கவில்லை' என்று நம்மிடமே கச்சிதமான தொடர்கள் இருக்க, குளிரை ஏன் இழுக்க வேண்டும்?

இதழியல் மாணவர்களிடம் இன்னொரு கூலும் உண்டு. கனடா அறிஞர் மார்ஷல் மெக்லூஹன் 1964இல் ஊடகங்களைச் சூடு, குளிர் என்று பிரித்தார். விவரம் குறைவாகத் தந்து, மிச்சத்தைப் பார்ப்பவரே நிரப்பும்படி விடுவது குளிர் ஊடகம். அந்தக் கணக்கில் அச்சும் புகைப்படமும் சூடு, கார்ட்டூன் குளிர். ஆக, நம் இதழில் உண்மையிலேயே கூலான பகுதி அந்த மூலைக் கட்டத்துக் கோட்டுச் சித்திரம்தான்!

சரி, அந்தத் தலைப்பு? செய்தியின் மூன்றாவது பத்தியில் முதல்வர் சொன்னது தெளிவாகவே இருந்தால் அதையே மேலே தூக்கிவிடலாம்: "விடுதிக் கட்டண உயர்வில் மாற்றமில்லை: முதல்வர்."