சித்வன் என்று சொல்லி வேறு காட்டைச் சுற்றிக்காட்டினார்கள்: நேபாளம் போகிறவர்கள் கவனிக்க

நேபாளத்துக்கு ‘கல்ச்சர் பிளஸ் வைல்டுலைஃப்’ பேக்கேஜ் எடுக்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். நாங்கள் பிப்ரவரி கடைசியில் போய்வந்தோம். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சித்வன் தேசியப் பூங்காவை ஒட்டிய சுற்றுலா ஊரான சௌராஹாவில் விசாரித்தபோது இதை ஒரே ஒரு ஏஜென்சி மட்டும் செய்வதில்லை என்று உள்ளூர்க்காரர்களே சொன்னார்கள்.

அப்பா ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர். ஒற்றைக் கொம்பு காண்டாமிருகத்தைக் காட்டில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1960களில் சித்வன் பள்ளத்தாக்கில் நூறு அளவுக்குக் குறைந்துபோன இனம் அது. 1973ல் தேசியப் பூங்கா அறிவித்து, ராணுவத்தைக் காவலுக்குப் போட்டு மீட்டெடுத்தார்கள். 2021 கணக்கெடுப்பில் நேபாளம் முழுக்க 752. அதில் 694 சித்வனில். அப்பா இதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

பேக்கேஜில் எழுத்தில் இருந்தவை: காத்மாண்டு, பக்தபூருக்கு லைசென்ஸ் உள்ள கைடு, சித்வனுக்குப் பக்கத்தில் இருக்கும் பரத்பூர் வரை விமானம், சித்வன் தேசியப் பூங்காவுக்குள் ஜீப் சஃபாரி, கூடவே காட்டுயிர்களைப் பற்றி விளக்க ஒரு நேச்சுரலிஸ்ட், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான தாரு குடும்பம் ஒன்றின் வீட்டில் இரவு உணவு.

முதல் அடி காத்மாண்டு ஹோட்டல் வரவேற்பறையிலேயே விழுந்தது. எங்களுடன் ஊரிலிருந்து வந்த டூர் மேனேஜர், சின்னப் பையன், ஒரு அச்சடித்த தாளை நீட்டி, “அக்கா, என்ட்ரி டிக்கெட் மட்டும் தனி, எல்லாரும் கேஷா குடுத்துடுங்க” என்றார். பக்தபூர் 1800, பசுபதிநாதர் கோயில் 1000, சித்வன் 2000. தலைக்கு 4800 இந்திய ரூபாய். எல்லோரும் எண்ணிக் கொடுத்தோம்.

இதில் எத்தனை ஏமாற்று இருக்கிறது பாருங்கள். அந்த மூன்று எண்களும் பிற நாட்டுப் பயணிகளுக்கான கட்டணம், அதுவும் நேபாள ரூபாயில். இந்தியர்கள் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் நமக்குத் தனிக் கட்டணம் உண்டு. பக்தபூருக்கு 500 நேபாள ரூபாய், சித்வனுக்கு 1000 நேபாள ரூபாயும் வரியும். பசுபதிநாதர் கோயிலுக்கு நமக்குக் கட்டணமே கிடையாது. 100 இந்திய ரூபாய் என்பது 160 நேபாள ரூபாய், இந்த விகிதம் மாறாது. ஆக, தலைக்கு 1000 இந்திய ரூபாய்ச் சொச்சம்தான் ஆகியிருக்க வேண்டும். அங்கே கடைக்காரர்கள் விலை சொல்லும்போது ‘ஐ.சி.’, ‘என்.சி.’ என்று பிரித்துத்தான் சொல்வார்கள், இந்தியன் கரன்சி, நேபாளி கரன்சி. யாராவது வெறுமனே ‘ரூபாய்’ என்றால் உடனே “ஐ.சி.யா, என்.சி.யா?” என்று கேட்டுவிடுங்கள்.

பக்தபூரில் கைடே வரவில்லை. வேன் டிரைவர்தான் முன்னால் நடந்தார். ஐந்து அடுக்கு நியாதபோலா கோயில் 1702ல் கட்டியது, 2015 நிலநடுக்கத்தில் சுற்றிலும் எத்தனையோ சரிந்தபோதும் நின்றது. அதன் படிகளில் கீழிருந்து மேலாக மல்லர்கள், யானைகள், சிங்கங்கள் என்று ஜோடி ஜோடியாகக் காவல் சிலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் தனக்குக் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலம் என்று ஐதீகம். இதைச் சொல்ல ஆளில்லை. போட்டோ எடுங்கள் என்று சொல்லிவிட்டு, நேராகத் தங்கா என்ற பௌத்தத் துணி ஓவியம் விற்கும் ஒரு மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். கோயிலில் செலவழித்ததைவிட அந்தக் கடையில் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். டிரைவருக்குக் கமிஷன் என்பது அவர் கடைக்காரரோடு பேசிய விதத்திலேயே தெரிந்தது.

பரத்பூர் விமானம் பனிமூட்டத்தால் ரத்து என்றார்கள். அன்று அந்த விமானங்கள் பறந்தன. நான் ஏர்லைனில் கேட்டபோது எங்கள் பெயரில் டிக்கெட்டே போடவில்லை என்று தெரிந்தது. முக்லிங் வழியாக, அகலப்படுத்தும் வேலை நடக்கும் அந்தச் சாலையில், மூட்டுவலிக்காரரான அப்பாவோடு பகல் முழுக்கத் தூசி தின்றுகொண்டு போய்ச் சேர்ந்தோம்.

சரி, இனி முக்கியமான விஷயம்.

சௌராஹாவில் காலையில் ஜீப் வந்தது. ஹோட்டல் வாசலில் ஏறினோம், ஊருக்குள்ளேயே ஓடி, ஒரு தடுப்புக் கம்பத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தது. புள்ளிமான்கள், மயில்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டையில் காண்டாமிருகம் ஒன்று முதுகு மட்டும் தெரியக் கிடந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அப்பா மட்டும் பேசாமல் இருந்தார். திரும்பி வந்ததும் டூர் மேனேஜரைக் கூப்பிட்டு, “ஏன் தம்பி, நாம ராப்தி ஆத்தைத் தாண்டவே இல்லையே?” என்றார்.

சௌராஹா ராப்தி ஆற்றின் வடகரையில் இருக்கிறது. தேசியப் பூங்கா தென்கரையில். சௌராஹாவிலிருந்து பூங்காவுக்குள் ஜீப்பில் போக வேண்டுமென்றால், படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் நிற்கும் ஜீப்பில்தான் ஏறுவார்கள். இந்தப் பக்கம் இருப்பவை பாக்மாரா, குமரோஜ் போன்ற சமுதாயக் காடுகள். பூங்காவின் வெளிவிளிம்பில் கிராம மக்கள் பராமரிக்கும் காடுகள் அவை.

அந்தப் பையன் அப்பாவிடம், “ஐயா, இதுவும் சித்வன்தான், ஒரே காடுதான், மிருகத்துக்கு வேலி இருக்கா என்ன?” என்றார். நான் டிக்கெட்டைக் கேட்டேன். முதலில் ஆபீஸில் இருக்கிறது என்றார். அப்புறம் டிரைவரின் சட்டைப்பையிலிருந்து கசங்கிய ஒரு துண்டு வந்தது. பூனாவில் வேலை பார்த்த காலத்தில் தேவநாகரி படிக்கக் கற்றுக்கொண்டேன். ‘பாக்மாரா’, அதை அடுத்து ‘சாமுதாயிக் வன்’, அதாவது சமுதாயக் காடு. தேசியப் பூங்கா என்று எங்குமே இல்லை. பூங்கா டிக்கெட்டுக்கென்று எங்களிடம் வாங்கிய 2000 எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. “கோவிச்சுக்காதீங்க அக்கா, சாயங்காலம் யானை மேல சவாரி ஃப்ரீயா ஏற்பாடு பண்றேன்” என்றார்.

யானைச் சவாரியை நாங்கள் வேண்டாம் என்றோம். அந்த யானைகளைத் தெருவில் பார்த்திருந்தோம். மரச் சட்டத்தில் நாலு பேரைச் சுமந்துகொண்டு, காதுக்குப் பின்னால் அங்குசத் தழும்போடு நடந்துபோயின.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சமுதாயக் காடு மட்டமான இடம் இல்லை. வெறும் மேய்ச்சல் நிலமாக இருந்ததைக் கிராமத்தார் மரம் நட்டு மீட்டிருக்கிறார்கள், டிக்கெட் பணம் அவர்களுக்கே போகிறது. அதைச் சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் நானே போகச் சொல்வேன். எங்களுக்கு நடந்தது அதுவல்ல. 952 சதுர கிலோமீட்டர் உலகப் பாரம்பரியக் காட்டுக்கு விலை வாங்கிக்கொண்டு, ஊர் ஓரக் காட்டைக் காட்டினார்கள். பூங்காவுக்குப் போக வேண்டிய பணமும் போகவில்லை. அந்த வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் சுற்றியுள்ள கிராமங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. எங்களை ஏமாற்றியவர்கள் அந்தக் கிராமத்துப் பங்கையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

தாரு குடும்பத்தோடு சாப்பாடு என்றது ஒரு ஹாலில் பஃபே, ஒலிபெருக்கியில் பாட்டு, கோல் நடனம். ஆடியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையாக ஆடினார்கள். மலேரியாவுக்குப் பயந்து மலைக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் இந்தத் தராய் சமவெளி மண்ணில் வாழ்ந்தவர்கள் தாருக்கள். 1950களில் டிடிடி தெளித்த பிறகுதான் மற்றவர்கள் குடியேறினார்கள். இதை எங்களுக்குச் சொன்னது ஏஜென்சியின் ஆள் இல்லை. மறுநாள் நாங்களே அமர்த்திய தாரு கைடு.

மறுநாள் போக்ரா பயணத்தை விட்டுவிட்டு, நானும் அப்பாவும் அங்கேயே நின்றுவிட்டோம். பூங்கா கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி சார்க் கட்டணத்தில் டிக்கெட் எடுத்தோம். பூங்காவுக்குள் நடந்து போவதென்றால் குறைந்தது இரண்டு கைடுகள் கூட வர வேண்டும் என்பது விதி. அப்பாவால் நடக்க முடியாது, அதனால் படகும் ஷேர் ஜீப்பும் எடுத்தோம். ஒற்றை மரத்தைக் குடைந்த படகு, தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே விளிம்பு. மணல்திட்டில் நீண்ட மெல்லிய மூக்கோடு கரியால் முதலைகள் வெயில் காய்ந்தன. அக்கரையில் செவ்விலவு பூத்திருந்தது. யானைப்புல் வெட்டி எரித்த வெளியில் ஒரு தாய்க் காண்டாமிருகமும் குட்டியும் மேய்ந்தன. கைடு ஜீப்பை நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைக்கச் சொல்லி, தாய் காதைத் திருப்பும் விதத்தை அப்பாவுக்கு மெதுவாக விளக்கினார். அவருடைய கைடு லைசென்ஸ் கழுத்தில் தொங்கியது. ஊரிலிருந்து ஏஜென்சிகள் அனுப்பும் குழுக்களுக்கு வேலை பார்த்தால் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முன்பணம் கட்டும்போதே ‘சித்வன் தேசியப் பூங்கா அனுமதிச் சீட்டு, தேதியோடு, சஃபாரிக்கு முன் பயணியின் கையில் தரப்படும்’ என்ற ஒரு வரியை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு ஏஜென்சி பாருங்கள். நுழைவுக் கட்டணம் எதையும் மொத்தமாகக் கேஷில் கொடுக்காதீர்கள், பக்தபூரிலும் சௌராஹாவிலும் கவுன்டர் இருக்கிறது, நீங்களே எடுக்கலாம். முக்திநாத் யாத்திரையோடு சித்வனைச் சேர்த்து விற்கிறவர்களிடம் இன்னும் கவனம் தேவை. அதில் வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். பிறகு உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், ஏஜென்சி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். சேவைக்காக நீங்கள் செலுத்தியது ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் பாக்மாரா துண்டுச் சீட்டு, அச்சடித்த கட்டணத் தாள், நாங்களே எடுத்த பூங்கா டிக்கெட், ஏர்லைனின் பதில் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். கூட வந்தவர்களில் இரண்டு குடும்பங்கள் சாட்சிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடமும் பக்தபூருக்கு 1800 இந்திய ரூபாய் வாங்கியிருந்தால், அந்தத் தாளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், எங்கள் மனுவின் நகலை அனுப்புகிறேன்.