அமிலச் செறிவும் வினைவேகமும்: மூன்று சோதனைகளில் என் ஓட்டு மெக்னீசியத்துக்கு

அமிலத்தின் செறிவு கூடினால் வினை வேகமாக நடக்கும், துகள்கள் நெருங்கியிருப்பதால் மோதல்கள் அதிகம், இது தெரிந்ததுதான். அதை வகுப்பில் செய்துகாட்ட எந்தச் சோதனை என்பதில்தான் தகராறு. தயோசல்பேட், சலவைக்கல், மெக்னீசியம் நாடா மூன்றையும் செய்துவிட்டு நான் மெக்னீசியத்தில் நின்றுவிட்டேன்.

அமிலம் சேர்த்ததும் கரைசல் கலங்கி, அடியில் வைத்த காகிதத்தில் போட்ட பெருக்கல் குறி மறையும்வரை நேரம் பார்க்கிற தயோசல்பேட் சோதனை பார்க்க அழகு, ஆனால் இந்தக் கேள்விக்குச் சரிவராது. அங்கே வேகம் தயோசல்பேட்டின் செறிவைப் பிடித்துத்தான் போகிறது. அமிலத்தைக் கூட்டினால் நேரம் பெரிதாக மாறாது.

சலவைக்கல்லில் கார்பன் டை ஆக்சைடு வெளியேற, எடை குறைவதைத் தராசிலேயே பார்க்கலாம். ஆனால் ஒரே எடைக்கு எடுத்தாலும் துண்டுகளின் மேற்பரப்பு ஒன்றாக இருக்காதே, வேகம் கூடியது செறிவாலா பரப்பாலா என்று எப்படிப் பிரிப்பது? சல்லடையில் சலித்து எடுத்தால் தேவலாம், நான் அப்படி அதிகம் செய்ததில்லை. ஹைட்ரோகுளோரிக்குக்குப் பதில் சல்பியூரிக் அமிலம் ஊற்றினால் கல்மேல் கால்சியம் சல்பேட் படிந்து வினையே படுத்துவிடும்.

நாடாவில் இந்தத் தொல்லை இல்லை, அது முழுக்கக் கரையும் நேரத்தைப் பார்த்தால் போதும். 3 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்து, சாம்பல் நிற ஆக்சைடு போய்ப் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்தால் எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். குமிழிகள் ஒட்டி நாடா மேலே மிதந்துவரும், பாதி அமிலத்துக்கு வெளியே நிற்கும், அதனால் ஒவ்வொரு முறையும் குடுவையை ஒரேமாதிரி சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது சூடு. இதில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண். அந்தத் துண்டு சுமார் 0.03 கிராம், முழுக்கக் கரைந்தால் கிட்டத்தட்ட 0.6 கிலோஜூல் வெப்பம். 10 மி.லி. அமிலத்தில் அது 14 டிகிரி வரை ஏற்றிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது செறிவையா வெப்பநிலையையா என்றே சொல்ல முடியாது, 50 மி.லி. என்றால் 3 டிகிரிக்குள் அடங்கும். அதோடு 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) அமிலம் 50 மி.லி. இருந்தால் அதில் செலவாவது 5 சதவீதம்தான், ஆகவே கடைசிவரை செறிவும் அநேகமாக அப்படியே நிற்கும். சின்னச் சோதனைக்குழாயில் செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

0.5, 1, 1.5, 2 மோலார் நான்கையும் ஒரே புட்டியிலிருந்து முன்கூட்டியே நீர்த்து, அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் தீ வேண்டாம்.