அபாகாவிர்: சோதித்துவிட்டுத் தொடங்குவதா, தொடங்கிவிட்டுக் கவனிப்பதா?

எச்.ஐ.வி.க்கான அபாகாவிர் மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. காய்ச்சல், தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் என்று பெரும்பாலும் முதல் 6 வாரத்துக்குள் காட்டிவிடும்.

தொடங்கிவிட்டுக் கவனிப்பது பழைய வழி. சோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான் லாபம். சாதாரண வைரஸ் காய்ச்சலும் இதே மாதிரிதான் இருக்கும் என்பதால், பயந்துபோய் நல்ல மருந்தை வீணாக நிறுத்துவதும் நடக்கும். உண்மையான ஒவ்வாமை என்றால் மருந்தை நிறுத்தியதும் அடங்கிவிடும். ஆனால் 'சரி, போய்விட்டதே' என்று மறுபடி விழுங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது, இந்த ஒவ்வாமையோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ-பி*57:01 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று முன்பே பார்ப்பது. இருந்தால் அபாகாவிர் கொடுப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறை போதும். 2008இல் வெளியான பிரெடிக்ட்-1 ஆய்வில் கிட்டத்தட்ட 2,000 பேர் பங்கேற்றார்கள். சோதிக்காமல் தொடங்கியவர்களில் 2.7 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை உறுதியானது. சோதித்துத் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் இல்லை.

அந்த வகை உள்ள எல்லோருக்கும் ஒவ்வாமை வராது, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். அப்படியானால் மீதிப் பேருக்கு வீணாக மறுக்கிறோமா? ஆமாம். வேறு மாத்திரைகள் இருக்கும்போது அது பெரிய இழப்பாக எனக்குத் தோன்றவில்லை. அவசரமென்றால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் அவற்றிலேயே தொடங்கலாம்.