பில் பாதியாகும் என்று மாட்டிய ‘ஸ்மார்ட்’ செட்: மட்டக்களப்பு, கல்லடி வீடொன்றில் நடந்தது

68,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிய செட்டில் இருந்தவை மூன்று சாமான்: யூனிட்டை ஃபோன் ஆப்பில் காட்டும் ஒரு வைஃபை மீட்டர், ஒரு ஸ்மார்ட் பிறேக்கர், ‘சேவர்’ என்ற வெள்ளைப் பெட்டி. யூனிட் ஒன்றுகூடக் குறையவில்லை. அதைவிடப் பயங்கரம், மெயின் போர்ட்டில் இருந்த, கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அறுக்கும் ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

விற்க வந்தவர்கள் காட்டிய வித்தை இதுதான். அரைக் குதிரைவலுத் தண்ணி மோட்டரைப் போட்டு, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 3.6 ஆம்பியர் காட்டினார்கள். பெட்டியை இணைத்ததும் 2.9. பார்க்கிறவருக்கு ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் போலத்தான் தெரியும்.

பெட்டிக்குள் இருந்தது 20 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) ஒன்றும் ஒரு சின்ன லைட்டும். மோட்டர் காந்தப் புலத்துக்காக வாங்கித் திருப்பிக் கொடுக்கும் கரண்டை லைனுக்குப் பதிலாகக் கப்பாசிட்டர் கொடுக்கிறது. அதனால் ஆம்பியர் இறங்கும். மோட்டர் தின்னும் 620 வாட் அப்படியே இருக்கும். வீட்டு மீட்டர் எண்ணுவது வாட்டையும் நேரத்தையும்தான், ஆம்பியரை அல்ல. மோட்டரை நிறுத்திப் பாருங்கள்: கப்பாசிட்டர் தனியாக 1.4 ஆம்பியர் இழுக்கும். அதை அவர்கள் காட்ட மாட்டார்கள்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி மோட்டரை மட்டும் ஓடவிட்டு, மின்சார சபை மீட்டரில் மினுங்கும் லைட்டை ஒரு நிமிடம் எண்ணுங்கள். யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்றால் 620 வாட்டுக்கு நிமிடத்தில் 33 தடவை மினுங்கும், 1600 என்றால் 16, 17. பெட்டியைப் போட்டு எண்ணினாலும் அதே எண்ணிக்கைதான். விற்பவர் முன்னாலேயே இதைச் செய்யுங்கள்.

அப்படியென்றால் அவர்கள் காட்டிய ஆப்பில் மட்டும் யூனிட் எப்படிக் குறைந்தது? சில வைஃபை மீட்டர்களில் கிளாம்பின் அளவை ஆப்பிலேயே மாற்றலாம். 80 ஆம்பியர் கிளாம்பை 50 என்று போட்டால் காட்டும் யூனிட் எட்டில் ஐந்தாகிவிடும். கிளாம்ப் லைவ் வயரை மட்டும் கவ்வ வேண்டும்; லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூச்சியம், திருப்பிப் போட்டால் சிலவற்றில் கழித்தல் குறி. ஒரு நாள் முழுவதும் ஆப்பின் யூனிட்டையும் சபை மீட்டரையும் ஒப்பிட்டால் பிடிபடும். ஒழுங்காக மாட்டிய வைஃபை மீட்டர் நல்ல சாமான்தான். எது கரண்டைத் தின்கிறது என்று காட்டும். ஆனால் அளப்பதால் மட்டும் எதுவும் குறையாது.

விற்றவர்கள் பில்லைக் காட்டி வாதாடினால் மாதத்தைக் கவனியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆடியில் ஃபேனும் ஏசியும் ராப்பகலாக ஓடும். மார்கழி மழையில் தானாகவே நிற்கும். மாரிக்கு முன் மாட்டி, மாரி பில்லைக் காட்டினால் குறைந்துதான் இருக்கும். போன வருடம் அதே மாதப் பில்லை எடுங்கள், இரண்டிலும் யூனிட்டை நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

இனி ட்ரிப் சுவிட்ச். புதுப் பிறேக்கரைப் போட்ட பிறகு இந்த ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்ததாம். கசிவு எங்கே என்று தேடாமல் அதையே எடுத்துவிட்டார்கள். சாதாரண ஸ்மார்ட் பிறேக்கர் ஓவர்லோடுக்கும் ஷோர்ட்டுக்கும்தான் விழும். ஈரக் கையோடு மோட்டரைத் தொடுபவரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. அதன் முகத்தில் 0.03 ஆம்பியர் என்ற எழுத்தும் ‘T’ என்ற சோதனைப் பட்டனும் இருக்கும். பட்டனை அமர்த்தினால் உடனே விழ வேண்டும். உங்கள் போர்ட்டில் அது காணாமல் போயிருந்தால் இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கசிவைத் தேடிச் சரிசெய்துவிட்டு 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஒன்றைத் திரும்பப் போடுங்கள். சேவர் பெட்டியைக் கழற்றியவுடன் அதன் பின்களைத் தொடாதீர்கள்; உள்ளே மின்னேற்றம் நிற்கும்.

ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, போர்ட்டின் படங்களோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அடுத்த பில்லுக்காகக் காத்திருந்து நாளை விட்டுவிடாதீர்கள்.