பழைய மாட்யூலின் ஒலியை எடுத்து வைக்க எம்பிசியா, கணினியா, கையா?

தருமபுரி பென்னாகரம் சாலையில் நான் நடத்தும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, காவேரிப்பட்டணத்து இன்னிசைக் குழு ஒன்றின் கீபோர்டு கலைஞர் ஒரு ரோலண்ட் ஜேவி-1080 மாட்யூலைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். 1994இல் வெளிவந்த கருவி அது; தனக்கென்று கட்டைகள் இல்லாமல், இணைத்த கீபோர்டுக்கு ஒலி தரும் பெட்டி. திரை மங்கிவிட்டது, ஒலியளவுக் குமிழைத் திருகினால் கரகரக்கிறது. ஆனால் அதிலிருந்து வரும் ஸ்ட்ரிங்ஸ் ஒலியைக் கேட்டுத்தான் ஊர்த் திருவிழாக்களில் அவருடைய குழுவை அடையாளம் காண்கிறார்கள். "தம்பி, பொட்டி நின்னு போறதுக்குள்ள சத்தத்த எடுத்து வெச்சிடணும்" என்றார். அந்த வேலைக்கு இன்று நம் முன்னே உள்ள வழிகளை, மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒரு கருவியின் ஒலியைச் சுரம் சுரமாகப் பதிந்து வேறொரு கருவியில் வாசிக்க வைப்பதுதான் சாம்பிளிங்; பதியும் ஒவ்வொரு துண்டும் ஒரு சாம்பிள். அதைத் தானியங்கியாகச் செய்வதன் அடிப்படை எளியது. பதிவு செய்யும் கருவி, மிடி (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் இணைப்பு) வழியாக ஒரு சுரத்தை ஒலிக்கச் சொல்லும். வரும் ஒலியைக் குறித்த நேரம் பதிவு செய்யும். விரலை எடுத்த பிறகு தேய்ந்து மறையும் வாலையும் சேர்த்துக்கொண்டு அடுத்த சுரத்துக்குப் போகும். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் உரிய கட்டைகளில் தானே பொருத்திவிடும். அக்காய் நிறுவனத்தின் எம்பிசி என்ற சாம்பிளர் கருவி வரிசையில் ஆட்டோ சாம்பிளர் இதைக் கருவிக்குள்ளேயே செய்து, கட்டைவாரியாக அடுக்கிய கீகுரூப் புரோகிராமாக்கித் தருகிறது. ஆப்பிளின் லாஜிக், மெயின்ஸ்டேஜ் மென்பொருள்களில் உள்ள ஆட்டோ சாம்பிளர் இதையே மேக் கணினியில் செய்கிறது. விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு சாம்பிள்ரோபோ என்ற மென்பொருள் உண்டு. மூன்றாவது வழி கை: ஒவ்வொரு சுரத்தையும் நாமே வாசித்துப் பதிவது.

எந்த வழியில் போனாலும் முதலில் கணக்கைப் போட்டுவிட வேண்டும். 61 கட்டைகளில் மூன்று சுரத்துக்கு ஒன்றாக எடுத்தால் 21 சுரங்கள். மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தி என மூன்று வெலாசிட்டி அடுக்குகள் வைத்தால் 63 பதிவுகள். சுரம் 4 நொடி, வால் 2 நொடி என்று கொண்டால் மொத்தம் 378 நொடி, அதாவது ஆறே கால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் அது ஏறத்தாழ 100 எம்பி. இதையே ஒரு சுரம் விடாமல் நான்கு அடுக்கில் எடுத்தால் 24 நிமிடத்துக்கு மேல் ஓடி 387 எம்பி ஆகும். எம்பிசி ஒன், எம்பிசி லைவ் ஆகியவற்றின் நினைவகம் 2 ஜிபி மட்டுமே என்பதாலும், கச்சேரிக்கு ஒரே ஒரு ஒலி போதாது என்பதாலும், இந்த வேறுபாடு அங்கே உடனே கையைக் கடிக்கும். கணினியில் அவ்வளவு கடிக்காது.

சிக்கனம் பார்த்து நான் முதல் முறை செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த எண்ணி ஒரு ஸ்தாயிக்கு ஒரு சுரம், அதாவது பன்னிரண்டு கட்டைக்கு ஒன்று என்று வைத்தேன். ஒலியை மெல்ல அசைத்து அடர்த்தியாக்கும் எஃபெக்டான மாட்யூலின் கோரஸையும் அணைக்கவில்லை. ஒரு சாம்பிளை ஆறு அரைச்சுரம் மேலே தூக்கினால் அது 41 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. அதோடு கோரஸின் அசைவும் வேகமெடுக்கிறது. மேல் ஸ்தாயியில் ஸ்ட்ரிங்ஸ் பதறியது, கீழே சோம்பியது. கீபோர்டு அண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டு, "சத்தம் வருது தம்பி, ஆனா நம்ம பொட்டி சத்தம் இல்லையே" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மூன்று சுரத்துக்கு ஒன்று என்று எடுத்தால் எந்தச் சாம்பிளும் ஒரு அரைச்சுரத்துக்கு மேல் நகராது. வேக வேறுபாடு 6 விழுக்காட்டுக்குள் அடங்கும். கோரஸ், ரிவர்ப் (அறை எதிரொலி) இரண்டையும் மூலக் கருவியில் அணைத்துவிட்டுப் பதிந்து, பிறகு எம்பிசியின் எஃபெக்ட்டில் சேர்ப்பதே முறை. ரிவர்ப்பைச் சாம்பிளோடு சேர்த்துப் பதிந்துவிட்டால் அதன் நீளத்தைப் பிறகு நம் விருப்பப்படி மாற்ற முடியாது.

எம்பிசியின் உண்மையான பலம் நம் ஊர் மின்சாரத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. மடிக்கணினியின் சார்ஜர், ஆடியோ இடைமுகம், மாட்யூல் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தபோது, எர்த் இணைப்புகள் கேபிள் வழியே வளையமாகிவிடும் எர்த் சுற்றால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒவ்வொரு சாம்பிளிலும் ஏறிவிட்டது. ஒற்றைச் சுரத்தில் அது காதுக்குத் தெரியாத அளவு மெல்லியது. ஆனால் ஸி, ஈ, ஜி என்று ஒரு கார்டு வாசித்தபோது, ஸி கட்டையின் சாம்பிள் நகராமல் 50 ஹெர்ட்ஸிலேயே நிற்க, அரைச்சுரம் உயர்த்தப்பட்ட ஈ, ஜி இரண்டிலும் அந்த இரைச்சல் 53 ஹெர்ட்ஸுக்குப் போய்விட, இரண்டும் மோதி நொடிக்கு மூன்று முறை துடித்தன. அமைதியான பாடலின் அடியில் யாரோ மூச்சு வாங்குவது போல அது கேட்டது. எம்பிசி லைவ் உள்ளிருக்கும் பேட்டரியில் ஓடக்கூடியது; அதை மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிட்டுப் பதிந்தபோது துடிப்பு மறைந்தது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினாலும் இதே பலன் பெருமளவு கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எம்பிசி ஒன் கருவியில் பேட்டரி இல்லை. அதை வைத்திருப்பவர் இரைச்சலைத் தடுக்கும் தரமான பேலன்ஸ்டு கேபிளையும் நல்ல எர்த்தையும்தான் நம்ப வேண்டும்.

கணினி எங்கே முந்துகிறது என்றால், நுணுக்கத்தில். லாஜிக்கின் ஆட்டோ சாம்பிளர் ஒரே சுரத்தைப் பலமுறை பதிந்து ரவுண்ட் ராபினாக மாற்றி மாற்றி ஒலிக்க வைக்கும். சுரம் நீண்டு ஒலிக்கத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டிய லூப் புள்ளியைத் தானே தேடும். ஒரே கட்டையை அடுத்தடுத்துத் தட்டும் வாசிப்பில் ரவுண்ட் ராபின் இல்லாவிட்டால் ஒலி இயந்திரத் துப்பாக்கி போலாகிவிடும் என்பதால், வீணை, கிட்டார் போன்ற மீட்டொலிகளுக்கு நான் கணினியையே தேர்ந்தெடுப்பேன். எம்பிசி 2ஆம் பதிப்பு மென்பொருளில் ஒரு கீகுரூப்புக்கு 4 அடுக்குகள்தான். ஆனால் கணினியில் உருவானது கணினியிலேயே தங்கிவிடுகிறது. திருவிழா மேடையில், ஜெனரேட்டர் மாறும் அந்த ஒரு நொடியில், எதை நம்பி நிற்பது என்பது மேடையேறும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. சாம்பிள்ரோபோ பல வடிவங்களில் ஏற்றுமதி செய்யும் என்பதால் இந்த இடத்தில் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

அளவு வைப்பதில் இரு வழிக்கும் ஒரே விதி. மிக அழுத்திய சுரம் மைனஸ் 6 டெசிபலைத் தொடும்படி நுழைவளவை ஒருமுறை வைத்துவிட்டால், பதிவு முடியும்வரை அதைத் தொடக் கூடாது. முடிந்த பிறகு எல்லாச் சாம்பிள்களையும் நார்மலைஸ் செய்யும் ஆசையும் வரக் கூடாது. மெல்லிய அடுக்கும் அழுத்திய அடுக்கும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால், மூன்று அடுக்கு எடுத்த உழைப்பு வீண். மிடி சேனல் பொருந்துகிறதா என்பதை மட்டும் ஓட விடுவதற்கு முன் சோதித்துக்கொள்ளலாம். டிரம் கிட் எடுப்பவர்கள் இடைவெளியே விடாமல் ஒவ்வொரு கட்டையையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கட்டையும் வேறு கருவி.

இனி கை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இதைத் தவிர்த்துவிட்டு இந்த ஒப்பீட்டை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நம் தெருக்கூத்து மேடையின் ஆர்மோனியத்துக்கும் முகவீணை என்ற சிறு ஊதுகருவிக்கும் மிடி கிடையாது. எந்த ஆட்டோ சாம்பிளரும் அவற்றின் கட்டையை அழுத்தாது, சீவாளியை ஊதாது. ஆர்மோனியத்தைக் கையால் எடுப்பது நடக்கக்கூடிய வேலை. துருத்தியின் காற்றழுத்தத்தை ஒரே சீராக வைத்துக்கொண்டு, சுரத்துக்குப் பத்து நொடி, இடையில் இரண்டு நொடி மௌனம் என்று ஒரே நீளப் பதிவாக எடுத்து, எம்பிசியில் வெட்டிக் கீகுரூப்பில் நாமே பொருத்தலாம். அந்தப் பெட்டி 440 ஹெர்ட்ஸ் சுருதியில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐந்து கட்டை என்று சொல்லி வாசிப்பது ட்யூனரில் ஜி சுரத்துக்குச் சற்று விலகி நிற்கலாம். விலகலை ஒவ்வொரு சுரத்திலும் தனித்தனியே திருத்தாமல், எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்தினால்தான் ரீடுகளுக்குள் இருக்கும் அந்தப் பெட்டிக்கே உரிய உறவு காப்பாற்றப்படும்.

முகவீணையைச் சாம்பிளாக எடுக்க நான் மறுத்துவிடுகிறேன். அதன் உயிர் சுரங்களில் இல்லை, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழையும் கமகத்தில் இருக்கிறது. தனிச் சுரமாக எடுத்துக் கட்டையில் வைத்தால் கிடைப்பது கார் ஹாரன். கேட்டு வருபவர்களிடம், கலைஞரையே அழைத்து முழு வரியையும் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்து அண்ணனுக்கு எம்பிசி லைவில் பேட்டரியில், மூன்று சுரத்துக்கு ஒன்று, மூன்று அடுக்கு என்று எடுத்துக்கொடுத்தோம். ஸ்ட்ரிங்ஸுக்கு மட்டும் சுர நீளத்தைப் பத்து நொடியாக்கினேன், லூப் இல்லாமலே ஒரு வரி தாங்கும்படி. ஓட விட்டபோது பென்னாகரம் பேருந்து ஒன்று வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மைக் எதுவும் இல்லாமல் கேபிள் வழியாக எடுக்கும் வேலை என்பதால், கதவைக்கூட நாங்கள் சாத்தவில்லை.