ஊரில் கழுத்துச் சொடக்கு: எங்கே சரி என்பது, எங்கே வேண்டாம் என்பது

நீண்ட விமானப் பயணம், உட்கார்ந்தபடியே கோணல் தூக்கம், 23 கிலோ பெட்டியை பெல்ட்டிலிருந்து இழுத்தது, அப்புறம் ஊர் வரைக்கும் காரில் குலுங்கல். டொரன்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஊருக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் கழுத்து பிடித்துக்கொள்வது சகஜம். அதை எடுத்துவிடக் கை நீட்டுகிறவர்களுக்கும் ஊரில் பஞ்சமில்லை. சலூன், பியூட்டி பார்லர், ஸ்பா, சுளுக்கு எடுப்பவர், சித்த வைத்தியர், பிசியோ, இப்போது புதிதாக கைரோபிராக்டர் (முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் தள்ளிச் சிகிச்சை தருபவர்) கிளினிக். சேவை என்ற வகையில் பெரும்பாலும் கைதேர்ந்தவர்கள், கனிவானவர்கள், அங்கே கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. குறை ஒன்றே ஒன்றுதான்: கழுத்தைத் திருகுவதற்கு முன் கேள்வி கேட்கிறவர்கள் குறைவு.

சலூனில் நடப்பதைப் பார்ப்போம். கட்டிங் முடிந்ததும் பாதிக் கடைகளில் கேட்காமலே மசாஜ் தொடங்கிவிடும். உச்சந்தலையில் எண்ணெய், கைகளைக் கோத்து நெற்றியில் தட்டு, பிடரியில் பெருவிரல் அழுத்தம். இதுவரை சுகம்தான், பயப்பட ஒன்றுமில்லை. அதற்கப்புறம் ஒரு கை தாடையைப் பிடிக்கும், மற்றது பின்மண்டைக்குப் போகும், தலை லேசாக ஒரு பக்கம் சாயும். “லூசா விடுங்க சார்” என்று சொல்லி முடிப்பதற்குள் சடக். அப்புறம் மறுபக்கம். கைரோபிராக்டர் செய்வதும் அடிப்படையில் இதே அசைவுதான்: மூட்டு எவ்வளவு திரும்புமோ அதன் எல்லை வரை கொண்டுபோய், அங்கிருந்து குறைந்த தூரத்துக்கு மிக வேகமாக ஒரு தள்ளு. படித்தவர் அந்தத் தூரத்தை அளந்து தள்ளுவார், ஒரு குறிப்பிட்ட மூட்டைக் குறிவைப்பார். சலூனில் அந்த அளவு கிடையாது. அந்த ‘சடக்’ எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமும் அல்ல. மூட்டுத் திரவத்தில் கரைந்திருக்கும் வாயு திடீர் அழுத்தக் குறைவால் குமிழாவதுதான் அது. விரலில் நெட்டி முறிப்பதும் அதேதான். சத்தம் வரவில்லையென்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை முயல்கிறவரிடமிருந்து எழுந்துவிடுவது நல்லது.

கழுத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் நான்கு. முன்பக்கம் இரண்டு கரோடிட், பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல். பின்னால் போகிற ஜோடி வழக்கமாக ஆறாவது கழுத்தெலும்பில் நுழைந்து, ஒவ்வொரு எலும்பின் பக்கவாட்டுத் துளை வழியாக மேலேறும். உச்சியில் அட்லஸ் என்கிற முதல் எலும்பைத் தாண்டியதும் பின்பக்கமாக வளைந்து மண்டைக்குள் போகும். கழுத்தை நாம் பக்கவாட்டில் திருப்புவதில் ஏறக்குறைய பாதி, முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவில்தான் நடக்கிறது. எலும்புத் துளையில் சிக்கி நிற்கும் குழாய் அதிகமாக இழுபடுவதும் முறுக்கப்படுவதும் அங்கேதான். அதன் உள்படலம் கிழிந்தால், ஈரச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக்கொண்டு வருவதுபோல், சுவருக்குள்ளேயே ரத்தம் புகுந்து வழியை அடைக்கலாம். அல்லது கிழிந்த இடத்தில் ரத்தக்கட்டி உருவாகி, உடைந்து மூளைக்குப் போகலாம். ஆகவே பக்கவாதம் மேசையிலேயே வர வேண்டும் என்றில்லை. சில மணி நேரம் கழித்து வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். காலையில் சலூன், மறுநாள் மாலையில் தலைசுற்றல் என்றால் வீட்டில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடமாட்டார்கள்.

சரி, திருகல்தான் கிழிக்கிறதா? இதில் நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. இந்தச் சர்ச்சைக்கு முக்கியமான தரவு வந்தது நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஒன்டாரியோவிலிருந்துதான். 1996-ல் டொரன்டோவில் கழுத்துச் சிகிச்சைக்குப் பின் பக்கவாதம் வந்து இறந்த ஒரு பெண்ணைப் பற்றிய பொது விசாரணை 2004-ல் முடிந்து, விபத்து மரணம் என்று ஜூரி சொன்னது. 2008-ல் அதே மாகாணத்தின் ஒன்பது ஆண்டு மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து, பின்மூளை ரத்தக்குழாய் பக்கவாதம் வந்த 818 பேரை ஆராய்ந்தார்கள். 45 வயதுக்குக் கீழே, கைரோபிராக்டரைப் பார்த்ததற்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் குடும்ப டாக்டரைப் பார்த்தவர்களிடமும் அதே அளவு தொடர்பு தெரிந்தது. குடும்ப டாக்டர் கழுத்தைத் திருகுவதில்லையே. அப்படியானால் ஏற்கெனவே கிழிந்துகொண்டிருந்த குழாய் தந்த வலிக்காகத்தான் இரு தரப்பாரும் போயிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை, காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் தொடர்பு இருக்கிறது, திருகுவதற்கு முன் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது.

கைரோபிராக்டர்கள் 2008 ஆய்வைக் காட்டி “பாருங்கள், ஆபத்தில்லை” என்பதுண்டு. எனக்கு அது நேர் எதிராகத்தான் படுகிறது. வலிக்குக் காரணமே கிழிந்த குழாயாக இருக்கலாம் என்றால், அந்தக் கழுத்தைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டிய பொறுப்பு இரட்டிப்பாகிறது. ஏற்கெனவே கிழிந்த இடத்தில் ஒரு வேகத் திருகல் கட்டியைப் பெயர்த்துவிட அதிக நேரம் ஆகாது. கழுத்துக்குழாய்க் கிழிசல் அபூர்வம்தான், ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் மூன்று பேர். ஆனால் ஐம்பது வயதுக்குக் கீழே பக்கவாதம் வருகிறவர்களிடம் அது முக்கியமான காரணங்களில் ஒன்று.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 2024-ல் பெல்லாரியைச் சேர்ந்த 30 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு சலூனில் தலை மசாஜோடு கழுத்தைத் திருப்ப, சில மணி நேரத்தில் பேச்சு குழறி ஒரு பக்கம் வலுவிழந்தது. கரோடிட் கிழிந்திருந்தது. 2017-ல் டெல்லியில் ஒருவருக்கு இதே மாதிரி சலூன் திருகலில் குழாய்க்குப் பதில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அடிபட்டு மூச்சே பிரச்சினையாயிற்று. 2022-ல் ஐதராபாத்தில் பார்லரில் முடி அலசும்போது ஒரு பெண்ணுக்குத் தலைசுற்றல், வாந்தி. முதலில் காட்டியது வயிற்று டாக்டரிடம். மறுநாள் நடை தள்ளாடிய பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் சிறுமூளையில் ரத்தம் போகாத இடம் தெரிந்தது. அங்கே யாரும் கழுத்தைத் திருகவில்லை. தொட்டியின் விளிம்பில் கழுத்தைப் பின்னால் தொங்கவிட்டதே போதுமாக இருந்தது. கல்யாண வீட்டுக்காக பார்லர் போகிற அம்மாக்கள், அத்தைகள் பிடரிக்கு மடித்த துண்டு வைக்கச் சொல்லலாம். இல்லையென்றால் குனிந்து முன்பக்கமாக அலசச் சொல்லலாம்.

கைரோபிராக்டர் கிளினிக்குகள் சென்னை, கோவையில் பெருகிவிட்டன. மைக்கை முதுகில் ஒட்டி சத்தத்தைப் பெரிதாக்கிப் போடும் வீடியோக்கள் அவற்றுக்கு இலவச விளம்பரம். ஒன்டாரியோவில் இந்தத் தொழிலுக்கு சட்டப்படியான ஒழுங்குமுறை அமைப்பு (பெயர்தான் ‘கல்லூரி’) உண்டு, பிரிட்டனில் 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கவுன்சில் உண்டு. தவறு நடந்தால் புகார் போடலாம், உரிமம் பறிபோகலாம். இந்தியாவில் கைரோபிராக்டர்களுக்கென்று அப்படியொரு பதிவுக் கவுன்சில் இல்லை. வெளிநாட்டில் முழுப் பட்டம் படித்து வந்தவரும், சில நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரி பலகை மாட்டலாம். பெயருக்குப் பின்னால் என்ன பட்டம், எந்த ஊர்க் கல்லூரி, எத்தனை வருடப் படிப்பு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்த பிசியோதெரபிஸ்ட் என்றால் கழுத்து வலிக்கு மெதுவான மூட்டு அசைவு, தசைப் பயிற்சி, சூடு ஒத்தடம் என்று வேறு வழிகள் அவர் கையில் இருக்கும். நாள்பட்ட சாதாரணக் கழுத்து வலிக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

நல்லவர் என்றால் மேசையில் படுக்கவைப்பதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டிருப்பார். வலி எப்போது, எப்படித் தொடங்கியது, சமீபத்தில் கீழே விழுந்தீர்களா, வண்டியில் சடன் பிரேக் அடித்ததா, போன வாரம் காய்ச்சல், சளி இருந்ததா, ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, முடக்குவாதம், எலும்புத் தேய்மானம் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா. பி.பி. பார்த்திருப்பார். தலையைத் திருப்பிச் சில வினாடி நிறுத்தி, மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்பிச் சம்மதிக்க வேண்டாம். கிழிசலை அது நம்பகமாகக் கண்டுபிடிக்காது. தலையில் வார் மாட்டி உடம்பின் நீளவாக்கில் வெடுக்கென்று இழுக்கும் ஒய் ஸ்ட்ராப் முறையை எந்த விலைக்கும் மறுத்துவிடுங்கள். அங்கே ஒரு மூட்டைக் குறிவைப்பது என்பதே கிடையாது, மொத்தக் கழுத்தும் இழுபடும்.

சுளுக்கு எடுப்பவர்களிடம் நீவிவிடுவது, எண்ணெய் தேய்ப்பது வரைக்கும் சரி. சித்த மருத்துவத்தில் தொக்கணமும் (கையால் தேய்த்து, அழுத்திச் செய்வது) வர்மமும் (உடலின் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டுச் செய்வது) முறைப்படி சொல்லிக்கொடுக்கப்படுகிற சிகிச்சைகள். வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மாதிரி பட்டம் படித்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் ஒரே வாக்கியம் செல்லும்: “அண்ணே, எல்லாம் பண்ணுங்க, கழுத்துக்கு மட்டும் சொடக்கு வேண்டாம்.” இதை உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். கை தாடைக்கு வந்தபின் சொன்னால், தசையை இறுக்கிக்கொண்டு எதிர்க்கிற நேரத்தில் அவர் தள்ளிவிடுவார்.

எந்த வலிக்கு யாரிடமும் கழுத்தைக் கொடுக்கக் கூடாது? திடீரென்று வந்தது, ஒரு பக்கமாகப் பிடரியிலோ பின்மண்டையிலோ நிற்பது, “இந்த மாதிரி இதுவரை வந்ததில்லை” என்று சொல்ல வைப்பது. கூடவே ஒரு கண் இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாவை சிறுத்திருந்தால், அல்லது காதுக்குள் நாடித்துடிப்போடு இரைச்சல் கேட்டால், அன்றைக்கே மருத்துவமனை. பயணக் களைப்பு என்று தள்ளிப்போடக் கூடாது.

பின்மூளைப் பக்கவாதம் நாம் போஸ்டரில் பார்க்கும் பக்கவாதம் மாதிரி இருக்காது. வாய் கோணாமல் இருக்கலாம், கை தூக்க முடியலாம். சுற்றல், வாந்தி, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, நிற்க வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்வது, முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் மறுபக்கமும் மரத்துப்போவது. வீட்டில் இதற்கு வைக்கப்படும் பெயர் பித்தம், கேஸ், வெயில். உடனே எலுமிச்சை ஜூஸ் கரைப்பார்கள். விழுங்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அது நுரையீரலுக்குப் போகும். வாய்வழி எதுவும் கொடுக்காமல் இருப்பதுதான் முதலுதவி. ஆஸ்பிரினும் வேண்டாம், ரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் சொன்ன பிறகுதான் அது.

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 சுவசெரிய. போனில் “மயக்கம்” என்று சொல்லாமல் “பக்கவாதம் மாதிரி இருக்கு, கடைசியா நல்லா இருந்தது இத்தனை மணிக்கு” என்று சொல்லுங்கள். கட்டி கரைக்கும் ஊசிக்கான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். கழுத்துப் பகுதியில் குழாய் கிழிந்திருப்பது மட்டுமே அந்த ஊசிக்குத் தடை ஆகாது. மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால் எடை தெரிந்திருக்கட்டும். தனியார் மருத்துவமனை என்றால், வண்டியிலிருந்தே போன் போட்டு, சி.டி. ஸ்கேன் இப்போது ஓடுகிறதா, நரம்பியல் டாக்டர் வருவாரா, கட்டியை வயர் விட்டு எடுக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். இல்லாத இடத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்து ரெஃபர் ஆவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

அடுத்த கோளாறு ஸ்கேனில். சாதா தலை சி.டி. ரத்தக் கசிவைக் காட்டும், சிறுமூளையில் புதிதாக வந்த அடைப்பைப் பல நேரம் காட்டாது. “சி.டி. நார்மல், வெர்டிகோதான்” என்று மாத்திரையோடு அனுப்பப்படுவது இப்படித்தான். கழுத்து வலிக்கென்று எழுதப்படும் சாதாரண எம்.ஆர்.ஐ. எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு, நரம்பு ஆகியவற்றைப் பார்க்கத் திட்டமிட்டது, ரத்தக்குழாயைப் பார்க்க அல்ல. டாக்டரிடம் “சலூனில் கழுத்தைத் திருகினார்கள், இத்தனை மணிக்கு” என்று தெளிவாகச் சொன்னால்தான் அவர் கழுத்து, மூளை இரண்டுக்கும் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எழுதுவார். எம்.ஆர்.ஐ. என்றால், கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் டி1 குறுக்குவெட்டுப் படத்தில் குழாய்ச் சுவருக்குள் புகுந்த ரத்தம் பிறை வடிவில் வெள்ளையாகத் தெரியும். சி.டி. ஆஞ்சியோவுக்கு மருந்து ஏற்றுவார்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

கிழிசல் உறுதியானால் ஆஸ்பிரின் வகையோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தோ குறைந்தது மூன்று மாதம், பெரும்பாலும் ஆறு மாதம் வரை ஓடும். மருந்துகளின் பெயர் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. எலிக்விஸ் என்று சொன்னால் புரியாத மெடிக்கல் ஷாப்பில் அபிக்சபான் என்றால் புரியும், எனவே உட்பொருள் பெயரோடு பட்டியல் பர்ஸில் இருக்கட்டும். திரும்பிப் போகுமுன் டிஸ்சார்ஜ் சம்மரி, பில்லின் ஒரிஜினல், ஸ்கேன் பிலிம் மட்டுமல்லாமல் அந்தப் படங்கள் பதிந்த டிஸ்க்கும் கேட்டு வாங்க வேண்டும். பிலிமை அங்குள்ள மருத்துவமனைக் கணினியில் ஏற்ற முடியாது. பயணக் காப்பீட்டுக்காரருக்கு அட்மிட் ஆன அன்றே தகவல் போக வேண்டும், தாமதமானால் கிளெய்மில் இழுபறி. விமான நிறுவனம் மெடிஃப் என்ற மருத்துவத் தகுதிப் படிவத்தை டாக்டர் கையெழுத்தோடு கேட்கும். அதைப் புறப்படுவதற்குச் சில நாள் முன்பே அனுப்பி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்டரில் போய் நீட்டினால் போர்டிங் பாஸ் கிடைக்காமல் போகலாம்.